தகவல் முறைமைகள்: முதலாம் ஆண்டில் எங்கிருந்து தொடங்குவது

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் தகவல் முறைமைகள் பாடத்தைத் தொடங்கும் முதலாம் ஆண்டு மாணவர் பலர், அதைக் கணினியைப் பற்றிய பாடம் என்று எண்ணியே விரிவுரைக்கு வருகிறார்கள். வன்பொருள், மென்பொருள், தரவு, நடைமுறை, மனிதர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே தகவல் முறைமை என்பது முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும். முதலிரண்டை விரும்பிப் படித்துவிட்டு மற்ற மூன்றையும் மனப்பாடம் செய்பவருக்கு, சமூகத் தாக்கம் என்ற அலகு வரும்போது எழுத ஒன்றும் இருக்காது. நானும் அப்படித்தான் ஓர் ஒப்படையை வெறும் வரைபடங்களால் நிரப்பிக் கொடுத்தேன். ஆகவே, பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்குங்கள்.

முதற் பயிற்சிக்கு உங்கள் தேசிய அடையாள அட்டையே போதும். 2016 இல் நடைமுறைக்கு வந்த 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. எனவே 2003 மார்ச் 1 ஆம் திகதி பிறந்த பெண்ணின் எண் 2003561 என்று தொடங்கும். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள் இருந்தன. 2000 ஐ ஒட்டி உலகெங்கும் கணினிகளை அச்சுறுத்திய சிக்கலும் இதே இரண்டு இலக்கச் சிக்கனத்தில் பிறந்ததுதான். கொமியூனிகேஷன் கடையில் நாம் மறந்துவிட்டு வரும் அட்டையின் ஒரு போட்டோ கொப்பி, பெயரை மறைத்தாலும், வயதையும் பாலினத்தையும் சொல்லிவிடும் என்பதை இவ்வாறு கணக்கிட்டு அறிந்த பின்னர், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசியுங்கள். அதன் வரைவிலக்கணங்கள் அப்போதுதான் பொருள் தரும்.

சமூகத் தாக்கத்துக்கு, நாம் எல்லோரும் வரிசையில் நின்று அனுபவித்த ஒரு முறைமையை எடுத்துக்கொள்ளலாம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொண்டுவரப்பட்ட கியூஆர் முறை, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த ஒதுக்கீட்டை வைத்து, நிரப்பு நிலையத்தில் குறியீட்டை வருடியதும் எடுத்த அளவைக் கழித்தது. வரிசை குறைந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் அடிப்படை அலகு பதிவெண் உள்ள வாகனம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயலுக்கு நீர் இறைக்கும் பம்புக்கும், வாவியில் ஓடும் தோணியின் இயந்திரத்துக்கும் வாகனப் பதிவெண் ஏது? தரவுத்தள அட்டவணையில் ஒரு நிரல் (column) இல்லாமற்போனால், அதற்குரிய மனிதர் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டியிருக்கும். உங்கள் ஒப்படையின் மையக் கேள்வி இங்கேதான் இருக்கிறது: முறைமையை வடிவமைத்தவர் யாரை மனதில் வைத்திருந்தார், யாரை வைத்திருக்கவில்லை?

இதற்கு விடை தேட ஊருக்குள் செல்லுங்கள். நாலைந்து பேருடன் ஆறுதலாகக் கதைத்தால் முதலாம் ஆண்டு ஒப்படைக்குத் தாராளம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லி, சம்மதம் பெற்று, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறிக்காமல் விடுங்கள். "தொழில்நுட்பம் உங்கள் வாழ்வை எவ்வாறு பாதித்தது?" என்று கேட்டால் எவரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "அந்தக் கியூஆரை ஆரு எடுத்துத் தந்த அண்ணே?" என்று கேளுங்கள். மகள், பக்கத்து வீட்டுப் பொடியன், காசு வாங்கிக்கொண்ட கடைக்காரர் என்று வரும் விடைகளில், எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஓர் இடையாள் வெளிப்படுவார். அந்த இடையாளிடம் கடவுச்சொல்லும் தொலைபேசி எண்ணும் தங்கிவிட்டனவா என்பது அடுத்த கேள்வி.

விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், ஊரில் கதைத்தவற்றின் குறிப்புகளை அன்றிரவே தமிழில் எழுதுங்கள். சொன்னவரின் சொல் மாறாமல் இருக்கும். அவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில விசைகளின் எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குழப்பமே மிஞ்சும், தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் எழுதி, ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் திகதியையும் ஊரையும் மட்டும் இடுங்கள்.