ரோலர் டிரெய்லர் பராமரிப்பு: ஒவ்வொரு ரோலரும் சுற்ற வேண்டும்

படகு தண்ணீரில் மிதக்கும் நேரம்தான் அதை ஏற்றிச் செல்லும் ரோலர் டிரெய்லரைச் சோதிக்க ஏற்ற நேரம். ரோலர்கள் மேல் பாரம் இருக்காது, எல்லாம் கைக்கு எட்டும். படகின் ஏராவை (அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) தாங்கும் நடு ரோலர்களில் தொடங்குங்கள். அடுத்துப் பக்கவாட்டு ஜோடி ரோலர்கள், கடைசியாகப் படகின் மூக்கு முட்டி நிற்கும் ரோலர். ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். விரலால் தள்ளியதும் சுற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றுவது, ஒரு பக்கம் உரசுவது, அசையவே அசையாதது எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் குறி போடுங்கள்.

இதில் சோம்பல் கூடாது. சுற்றாத ரோலர் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் படகின் அடியை அதே இடத்தில் தேய்க்கிறது. அதில் மணல் பதிந்துவிட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஃபைபர் படகில் முதலில் ஜெல்கோட் எனும் மேற்பூச்சு மங்கும், அடுத்துக் கீறல் விழும், பிறகு கண்ணாடி நார் வெளியே தெரியும், அதன் வழியே தண்ணீர் உள்ளே ஊறும். ரோலரும் சும்மா இருக்காது. தேய்கிற பக்கம் தட்டையாகிவிடும். தட்டையான பிறகு துருவை நீக்கினாலும் அது சரியாகச் சுற்றாது, மாற்றத்தான் வேண்டும். படகின் அடியில் நீளவாக்கில் ஒற்றைக் கோடு தெரிந்தால் அதற்கு நேர் கீழே இருக்கும் ரோலரைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் ரோலர் விடும் கறை துடைத்தால் போய்விடும். நகத்தில் தட்டுப்படும் கோடுதான் கவலைக்குரியது.

ரோலர் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் அல்ல, நடுவில் இருக்கும் ஸ்பிண்டில் என்ற தண்டு. துத்தநாகப் பூச்சு தேய்ந்த இரும்புத் தண்டில் உப்புத்தண்ணீர் தங்கினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் ரோலரின் துளை அடைபட்டு இறுகுகிறது. சில சமயம் தண்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும், சில சமயம் ரோலரோடு ஒட்டிக்கொண்டு பிராக்கெட் துளைக்குள் சேர்ந்து சுற்றும். இரண்டாவது மோசமானது. வெளியிலிருந்து பார்க்க ரோலர் சுற்றுவது போலவே தெரியும், ஆனால் பிராக்கெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். சுற்றும்போது தண்டின் முனையையும் கவனியுங்கள். அது ரோலரோடு சேர்ந்து சுற்றினால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றும் முறை: முனையில் உள்ள ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவுங்கள். தண்டு வராவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை இரு முனைகளிலும் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தண்டைவிடச் சற்றுச் சிறிய பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புக் கம்பியால் அடித்தால் தண்டின் முனை காளான் போல் விரிந்து இன்னும் சிக்கும். அப்படியும் வரவில்லை என்றால் ரோலருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். தண்டு மலிவு, பிராக்கெட்டைக் காப்பாற்றுவதே முக்கியம். கேஸ் சுடரால் சூடாக்குவதைத் தவிருங்கள்: ரப்பர் எரியும், துத்தநாகப் பூச்சிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

புதிய ரோலர் வாங்க நான்கு அளவுகள் வேண்டும்: நீளம், நடு விட்டம், ஓர விட்டம், துளை விட்டம். தேய்ந்துபோன ரோலரை அளந்து வாங்கினால் சிறியதாக வந்துவிடும்; அதே டிரெய்லரில் அதிகம் தேயாத ஒன்றை அளந்துகொள்ளுங்கள். துளை, தண்டைவிட சுமார் 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். தண்டின் நீளத்தில் இரு புறமும் ஒவ்வொரு வாஷருக்கும் பின்னுக்கும் இடம் விட்டுக் கணக்கிடுங்கள். வாஷர் இல்லாமல் மாட்டினால் ரோலரின் ஓரம் பிராக்கெட்டில் உரசிக் கிழியும்.

எந்தப் பொருள் நல்லது? ரப்பர் மென்மையானது, அதிர்ச்சி தாங்கும், ஆனால் வெயிலில் வெடிக்கும், கறை விடும். பாலியூரித்தேன் கறை விடாது, நீண்ட நாள் உழைக்கும். கடினமான நைலான் ரோலர் சுலபமாகச் சுற்றும், ஆனால் பாரம் சிறு இடத்தில் குவியும் என்பதால் கனமான ஃபைபர் படகுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எதுவானாலும் ஒரே வரிசையில் ஒரே வகையைப் போடுங்கள். மென்மையானது அமுங்கும், பக்கத்தில் உள்ள கடினமானது முழு பாரத்தையும் வாங்கும்.

தண்டுக்குக் கிரீஸ் போடும்போது ஒரு விஷயம். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் உப்பும். துளையில் புஷ் (உள் உறை) இல்லாமல் ரப்பர் நேராகத் தண்டில் உட்காருகிறது என்றால் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். நைலான் புஷ் இருந்தால் தண்ணீர் தாங்கும் கடல் கிரீஸ் போதும். ரோலரின் வெளிப்புறத்தில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், மணல்தான் ஒட்டும்.

பாரம் சரியாகப் பரவியிருக்கிறதா?

படகை ஏற்றிய பிறகு மறுபடியும் ஒரு சுற்று வாருங்கள். இப்போது கையால் சுற்றினால் சுற்றுகிற ரோலர் எதுவோ அது பாரம் தாங்கவில்லை என்று பொருள். அதன் பங்கைப் பக்கத்து ரோலர்கள் சுமக்கின்றன. நீளப் பலகை டிரெய்லரில் பாரம் பரவலாக இறங்கும், ரோலரில் புள்ளி புள்ளியாக இறங்கும். ஒரு ரோலர் விட்டுப்போனால் மாதக்கணக்கில் நிற்கும் படகின் அடி உள்வாங்கிவிடும். பெரும்பாலான அமைப்புகளில் ஏரா ரோலர்கள் பாரத்தைத் தாங்க, பக்க ரோலர்கள் படகு சாயாமல் பிடிக்கும். பாரத்தின் பெரும்பங்கையும் பக்க ரோலர்களே தாங்கும் அமைப்பும் உண்டு என்பதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். கடைசி ரோலர் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகைக்குக் கீழே, அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் எடையில் பின்பக்கம் தொங்கும்.

படகு இல்லாதபோது மூக்கு ரோலரிலிருந்து கடைசி ரோலர் வரை ஒரு நூல் கட்டினால் நடு வரிசை நேராக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். உயரம் திருத்த பிராக்கெட்டின் யூ-போல்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்குங்கள். இரு பக்க நட்டுகளையும் மாறி மாறி இறுக்குங்கள். முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்; புதிதாக இறுக்கிய யூ-போல்ட் சற்று இளகத்தான் செய்யும்.

படகு மேலே இருக்கும்போதே பின் ரோலரை மாற்ற வேண்டி வந்தால் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள். முன் ஜாக்கியை இறக்கி டிரெய்லரின் மூக்கைத் தாழ்த்தினால் பின்பக்கம் உயரும். பின்பலகைக்குக் கீழே ஏராவை ஒட்டித் தடித்த மரக்கட்டைகளை அடுக்குங்கள். பிறகு மூக்கை மெதுவாக ஏற்றுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் தாழ, படகு கட்டையில் அமர, ரோலர் விடுபடும். அந்த நேரத்தில் படகின் கீழே தலையை நீட்டக் கூடாது. கை மட்டும் போதும்.

ஹப்பும் பேரிங்கும்

ரோலர் டிரெய்லரில் பல படகுகளைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் நனையாமலே ஏற்றி இறக்கலாம். அதுதான் இந்த வகையின் பெரிய லாபம், முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். படகை இறக்கும் சாய்தளத்துக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்ப்பது, எஞ்சினைத் தயார் செய்வது போன்ற வேலைகளை முதலில் முடியுங்கள். ஹப்பில் கை வைத்தால் சூடு தெரியாத பிறகு இறக்குங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, கடலில் அடிக்கடி இறக்கினால் பருவத்துக்கு இரு முறை, பேரிங்கைக் கழற்றுங்கள். பழைய கிரீஸ் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து உருளைகளைப் பாருங்கள். குழி விழுந்தது, நீலம் பாரித்தது எல்லாம் தூக்கியெறிய வேண்டியவை. பேரிங்கையும் அது உட்காரும் கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய கிரீஸ் மேல் வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், பேரிங் அமரும். பிறகு முழுதும் தளர்த்தி விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக இல்லாவிட்டால் இறுக்கி அல்ல, தளர்த்தியே நேராக்குங்கள். புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக லேசான ஆட்டம் தெரியலாம். அதிகம் தெரிந்தால் தளர்ச்சி, சுற்றும்போது இழுத்தால் இறுக்கம். இறுக்கமானது சில கிலோமீட்டரிலேயே வெந்துவிடும். ஸ்பிரிங் வைத்த மூடி வழியாகக் கிரீஸ் ஏற்றுகிறவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும்: அதிகம் தள்ளினால் பின் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் மேல் கொட்டும்.

வின்ச், சங்கிலி

ரோலர் நன்றாகச் சுற்றினால் படகு தானாக ஓடும். அதனால் நன்கு பராமரித்த டிரெய்லரில்தான் இந்தப் பகுதி உயிர் விஷயம். படகை இழுக்கும் வின்ச்சின் பட்டையையும் மூக்குச் சங்கிலியையும், டிரெய்லர் பின்வாங்கிப் படகின் பின்பக்கம் தண்ணீர்ப் பரப்புக்கு நேர் மேலே வந்து நிற்பதற்கு முன் அவிழ்க்கக் கூடாது. வறண்ட சாய்தளத்தில் அவிழ்த்தால் படகு நேராகக் கான்கிரீட்டில் போய் உட்காரும். பாரம் இழுக்கும்போது வின்ச் கைப்பிடியை விடுவதும் அதே ஆபத்துதான். கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும்.

பட்டையை முழுதும் விரித்துப் பாருங்கள். உள் சுற்றுகள் ஈரத்தில் நைந்திருக்கும், வெளிச் சுற்றுகள் வெயிலில் விறைத்திருக்கும். தையல் பிரிந்தாலோ ஓரம் கிழிந்தாலோ மாற்றுங்கள். கம்பி வடமாக இருந்தால் ஓர் இழை அறுந்தாலும் அதன் காலம் முடிந்தது. பல்சக்கரத்துக்குக் கிரீஸ், அது பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் தடுப்புப் பல்லுக்கு லேசான எண்ணெய் மட்டும். தடுப்புப் பல்லின் ஸ்பிரிங் துருவேறி மந்தமானால் பல் விழாது, வின்ச் பிடிக்காது. படகின் மூக்கு வளையம் மூக்கு ரோலருக்குக் கீழே அமர வேண்டும். மேலே அமர்ந்தால் சாலைக் குலுக்கலில் படகு தூக்கிக்கொள்ளும்.

கடலில் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலோட்டமாக அல்ல: ரோலர் துளை, ஸ்பிரிங் பட்டைகளின் இடைவெளி, பிரேக் டிரம், பெட்டி வடிவச் சட்டத்தின் உட்புறம் வரை. சட்டத்தின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் சட்டம் உள்ளிருந்து அரிக்கும், வெளியே எதுவும் தெரியாது. சிராய்ந்த இடத்தில் துருவைச் சுரண்டித் துத்தநாகம் நிறைந்த பெயின்ட் அடியுங்கள்.

விளக்கு எரியாவிட்டால் பல்பைக் குறை சொல்லும் முன் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. சாய்தளத்தில் பின்வாங்கும் முன் விளக்குப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். படகு டிரெய்லரின் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையில் வெடிக்கும். பல டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 6 ஆண்டு தாண்டியவற்றைப் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து, டிரெய்லர் கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள்.

பல மாதம் நிறுத்திவைப்பதானால் அச்சுக்குக் கீழே தாங்கி கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். மூக்கைச் சற்று உயர்த்தி, படகின் வடிகால் மூடியைக் கழற்றி வையுங்கள். மழைநீர் படகில் தேங்கினால் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 100 கிலோ கூடும், அந்தப் பாரமும் ரோலர்கள் மேல்தான் இறங்கும்.