நெட்வொர்க் கார்டு டிரைவரில் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப்: காணாமல் போகும் நேரமுத்திரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நெட்வொர்க் வழியாகக் கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் பிடிபி (PTP) நெறிமுறைக்கான பிடிபி4எல் (ptp4l) நிரலை லினக்ஸில் ஓட்டுகிறீர்கள். பாக்கெட் கிளம்பிய கணத்தைக் கார்டே குறித்துத் தரும் நேரமுத்திரைக்குக் காத்திருந்து அலுத்துப்போனதாக லாகில் ஒரு பிழைச்செய்தி. கூடவே இன்னொரு வரியும் வரும்: காத்திருக்கும் அளவைக் கூட்டினால் சரியாகலாம், ஆனால் டிரைவரில் பிழை இருக்கவே வாய்ப்பு அதிகம். பலர் முதல் பாதியைப் படித்து அளவைக் கூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாம் இரண்டாம் பாதியை நம்பி டிரைவரைத் திறப்போம்.

படி 1: கார்டு என்ன சொல்கிறது?

கார்டின் வசதிகளைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைப் பெரிய எழுத்து ‘டி’ ஆப்ஷனோடு (ethtool -T) ஓட்டுங்கள். ஹார்டுவேர் டிரான்ஸ்மிட், ஹார்டுவேர் ரிசீவ் இரண்டும் பட்டியலில் வரவேண்டும். பிடிபி கடிகாரத்துக்கு ஒரு எண்ணும் இருக்கவேண்டும். எண் இல்லையென்றால் கடிகாரமே பதிவாகவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 2: அனுப்பும் பாதை

பெரும்பாலான பிழைகள் ஒளிந்திருக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு எஸ்கேபி-யிலும் (skb, கெர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு) இரண்டு ஃப்ளாக்குகளைக் கவனிக்கவேண்டும். ‘ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப்’ என்பது பயனரின் நிரல் தன் சாக்கெட் வழியாகக் கேட்கும் கோரிக்கை. ‘இன் ப்ரோக்ரஸ்’ என்பது டிரைவர் தரும் வாக்கு: “நேரத்தை நான் தருகிறேன்.” இந்த வாக்கைப் பார்த்ததும் கெர்னல், வழக்கமாகத் தரும் மென்பொருள் நேரமுத்திரையை நிறுத்திவிடும். ஆகவே கொடுத்த வாக்கை டிரைவர் காப்பாற்றாவிட்டால் பயனருக்கு இரண்டுமே கிடைக்காது.

கோரிக்கை வந்தாலே வாக்குக் கொடுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சரியான வரிசை இது:

கோரிக்கை இருக்கிறதா? பயனர் இந்தக் கார்டில் வசதியை இயக்கியிருக்கிறாரா? நேரத்தைப் பிடிக்கும் இடம் காலியா?
மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் ‘இன் ப்ரோக்ரஸ்’ வையுங்கள், டிஸ்கிரிப்டரிலும் (பாக்கெட்டைப் பற்றிக் கார்டும் டிரைவரும் பரிமாறிக்கொள்ளும் பதிவு) குறியிடுங்கள்.
அதன் பிறகே மென்பொருள் நேரமுத்திரைக்கான ஃபங்ஷனை அழையுங்கள்.
கடைசியாகப் பாக்கெட்டைக் கார்டிடம் ஒப்படையுங்கள்.

கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றினால், கார்டு வேலையை முடித்து எஸ்கேபி விடுவிக்கப்பட்ட பிறகு அதைத் தொடும் ஆபத்து உண்டு.

படி 3: அனுப்பி முடிந்ததும்

நேரத்தைப் படிக்கலாமா என்பதை ‘இன் ப்ரோக்ரஸ்’ ஃப்ளாக்கை வைத்து முடிவுசெய்யாதீர்கள். அந்த ஃப்ளாக்கை, கேபிளோடு பேசும் ஃபை (PHY) சிப்பின் டிரைவரோ, கார்டோடு இணைந்த டிஎஸ்ஏ (DSA) சுவிட்சின் டிரைவரோ வைத்திருக்கலாம். அப்போது ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு நேரமுத்திரைகள் போய்ச்சேரும். உங்கள் டிரைவர் தன் ரிங்கில் (டிஸ்கிரிப்டர்களின் வரிசை) தனியாக வைத்த குறிப்பைப் பாருங்கள்.

சில கார்டுகளில் நேரத்தைப் பிடிக்க ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான் இருக்கும். நேரம் வராமல் போனால் ஒரு கெடுவுக்குப் பின் அந்த இடத்தைக் காலிசெய்து எஸ்கேபி-யை விடுவிக்கவேண்டும். இல்லையேல் ஒரு பாக்கெட் தவறியதற்கு அடுத்து வரும் எல்லாமே தவறும். கார்டு ரீசெட் ஆகும் பாதையிலும் இதைச் செய்யுங்கள்.

படி 4: எண்ணி (கவுண்டர்) சுற்றி வருவது

நானோ நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி சுமார் 4.29 நொடிக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கெர்னலின் டைம்கவுண்டர் இதை 64 பிட்டாக விரித்துத் தரும். ஆனால் கடைசியாகப் படித்ததிலிருந்து அரைச்சுற்றுக்குள் இருக்கும் நேரத்தைத்தான் அது சரியாகக் கணிக்கும். ஆகவே 2 நொடிக்குள் ஒருமுறையாவது அதைப் படிக்கும் பின்னணி வேலை தேவை. நேரமுத்திரைகள் திடீரென 4.29 நொடி தாவினால் முதலில் இங்கே தேடுங்கள். 37 நொடி வித்தியாசம் தெரிந்தால் அது டிரைவர் பிழை அல்ல. பிடிபி பயன்படுத்தும் டிஏஐ (TAI, அணுக்கடிகார) நேரத்துக்கும், லீப் நொடிகள் சேர்த்த யுடிசி (UTC) உலகப் பொது நேரத்துக்கும் 2017 முதல் இருக்கும் இடைவெளி அது.

பெறும் பாதை எளிது: டிஸ்கிரிப்டர் சொன்ன நேரத்தை மாற்றி எஸ்கேபி-யில் எழுதினால் போதும்.

படி 5: சோதனை

கார்டில் ஹார்டுவேர் வசதியை அணைத்துவிட்டு, ஹார்டுவேர், மென்பொருள் இரண்டு நேரமுத்திரைகளையும் கேட்கும் சாக்கெட்டிலிருந்து ஒரு பாக்கெட் அனுப்புங்கள். மென்பொருள் நேரமுத்திரை வந்தே ஆகவேண்டும். எதுவும் வரவில்லையா? படி 2-க்குத் திரும்புங்கள். மூன்று கேள்விகளில் இரண்டாவது விடுபட்டிருக்கும்.