மலையில் சி.வி.டி. கார் வைத்திருப்பவர்களுக்கு: கியர்பாக்ஸ் நீண்ட நாள் உழைக்க

"சி.வி.டி. வண்டியா? மலைக்கு ஆகாதுங்க." குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாம் என்று யாராவது வாயெடுத்தால் பக்கத்தில் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சி.வி.டி. என்பது பல் கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நான் ஏழு வருடமாக கோத்தகிரியில் அப்படி ஒரு காரை ஓட்டுகிறேன், 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, கியர்பாக்ஸை இதுவரை பிரிக்கவில்லை. இந்த வண்டி மலைக்கு ஆகும். ஆனால் சூட்டையும் ஆயிலையும் கவனிக்காவிட்டால் சமவெளியில் பத்து வருடத்தில் வருகிற கோளாறு இங்கே சீக்கிரமே வந்துவிடும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது சி.வி.டி.தானா என்று பாருங்கள். கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் சி.வி.டி. இல்லை. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸேதான், கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மெஷின் செய்யும். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிடில் இருக்கும் இ-சி.வி.டி.க்குப் பெயர்தான் ஒன்று, உள்ளே பெல்ட்டே கிடையாது. நான் சொல்வது பெல்ட் வைத்த வகைக்கு: ஹைபிரிட் அல்லாத ஹோண்டா சிட்டி, அமேஸ், நிஸான் மேக்னைட் டர்போ, பழைய பலேனோ சி.வி.டி., ஐ.வி.டி. என்று பெயர் போட்ட க்ரெட்டா, செல்டோஸ் எல்லாம் இதில் வரும்.

உள்ளே இரண்டு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), இரண்டையும் சுற்றி ஒரு எஃகு பெல்ட் அல்லது செயின். ஆயில் அழுத்தத்தில் புல்லியின் இரண்டு பக்கமும் நெருங்கும், விலகும், அதற்கேற்ப பெல்ட் மேலே ஏறும், கீழே இறங்கும். கியர் மாறுவது என்பது இவ்வளவுதான். பெல்ட் வழுக்காமல் பிடித்திருப்பது அந்த அழுத்தத்தாலும் ஆயிலின் தன்மையாலும், அதனால் இந்த ஆயில் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், பிடியையும் விடக்கூடாது. சூடு ஏற ஏற ஆயில் இந்தக் குணத்தை இழக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம், ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், முன்னால் லாரி. ஆயிலுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் ஆயில் மாற்றக் கொடுத்தேன். சி.வி.டி. ஆயிலுக்குப் பதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அன்று மாலை மலை ஏறும்போது பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒரு வளைவில் நின்று கிளம்பினேன், ஸ்டீயரிங் வழியாக கைக்கு ஒரு நடுக்கம் வந்தது, ஜல்லி ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதுபோல. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. அங்கேயே ஓரம்கட்டி, மறுநாள் வேறு மெக்கானிக்கை வைத்து ஆயிலை இறக்கி சரியானதை ஊற்றினோம், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடியும் ஒருமுறை. ஏனென்றால் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் முழுவதும் இறங்காது, ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். நல்லவேளை, பெல்ட் தப்பித்தது.

அதிலிருந்து ஆயில் டின்னை நானே வாங்கிக் கொடுக்கிறேன். வண்டியோடு கம்பெனி கொடுத்த புத்தகத்தில் (ஓனர்ஸ் மேனுவல்) எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதே, எல்லா வண்டிக்கும் பொது என்கிற டின் வேண்டாம். புத்தகத்தில் கடுமையான உபயோகம் என்று தனியாக ஒரு அட்டவணை இருந்தால் மலையில் ஓட்டும் நாம் அதைத்தான் பார்க்க வேண்டும். நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அளவு பார்ப்பதும் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான், ஆறின வண்டியில் குத்துமதிப்பாகப் பார்த்து விட்டுவிடக் கூடாது.

ஓட்டும்போது இங்கே நிறைய பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சீசனில் குன்னூர் ரோட்டில் பர்லியாறு பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது, பிரேக் மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பார்கள். அந்தச் சக்தி முழுக்க உள்ளே சூடாக மாறுகிறது. பிரேக் பிடியுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன்னால் ஊர்ந்து ஊர்ந்து போவதைவிட இரண்டு கார் இடம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் போவது மேல். சூட்டு எச்சரிக்கை வந்தாலோ, வண்டி தானாக வேகத்தைக் குறைத்தாலோ ஓரம்கட்டி, பி-யில் (பார்க்) போட்டு, அரை மணி நேரம் டீ குடியுங்கள்.

இறக்கத்தில் கியர் லீவரை எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்) நிலையில் போடுங்கள், ஸ்டீயரிங் பின்னால் கியர் குறைக்கும் பேடில் இருந்தால் அதில் குறைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவையும் டி-யிலேயே (டிரைவ்) இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். என்-னில் (நியூட்ரல்) போட்டு உருட்டுவது அறவே கூடாது.

சரிவில் பார்க் செய்யும்போது: கால் பிரேக், என், ஹேண்ட் பிரேக், அப்புறம் காலை எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், கடைசியில்தான் பி. இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் உள்ளே ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். முழுதாக நிற்காமல் டி-யிலிருந்து ஆர்-க்கு (ரிவர்ஸ்) போகாதீர்கள். எஸ்டேட் மண் ரோட்டில் மழையில் சக்கரம் சுற்றினால் உடனே காலை எடுங்கள், சும்மா சுற்றுகிற சக்கரம் திடீரென்று பிடி கிடைத்து நிற்கும்போது அந்த அடி பெல்ட்டில்தான் விழும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.

பழைய வண்டி வாங்குவதென்றால் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நிற்க வேண்டும், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டி போட்டதும் தாமதமாகப் பிடிக்கிறதா, ஏற்றத்தில் கிளம்பும்போது நடுங்குகிறதா, வேகம் கூடக் கூட ஊளைச் சத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆயில் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் ஜீப்காரர்கள் கட்டி இழுக்கக் கயிறோடு ஓடிவருவார்கள், நல்ல மனதோடுதான். வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமல் முன்சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் பம்ப் வேலை செய்யாது, பெல்ட்டும் புல்லியும் காய்ந்தபடி தேயும். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டி, இல்லையென்றால் முழுக் காரையும் மேலே ஏற்றுகிற வண்டி வரும்வரை காத்திருங்கள். மலைக்கு வர இரண்டு மணி நேரம்கூட ஆகும், அதனால் அந்த டோயிங் வண்டிக்காரர் நம்பரை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.