அமெரிக்காவில் வீட்டு ஹோல்சேலிங்: முதல் அக்ரிமென்ட் போடும் முன் பார்க்க வேண்டிய சட்டங்கள்

இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிட்டு, கிரயத்துக்கு முன்பே வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்ப்பவர்களை ஊரில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே வேலைக்கு ரியல் எஸ்டேட் ஹோல்சேலிங் என்று பெயர். வீடியோ பார்த்துவிட்டு "கைக்காசே வேண்டாமாமே?" என்று கேட்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கணக்கு எளிது. ஒரு பாட்டியம்மாவின் பழைய வீட்டை 1,80,000 டாலருக்கு வாங்குவதாக அக்ரிமென்ட் போடுகிறீர்கள். அந்த அக்ரிமென்ட்டை ஒரு முதலீட்டாளருக்கு 15,000 டாலருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். கிரயம் அவர் பெயரில் முடிகிறது, 15,000 உங்களுக்கு. வம்பு எங்கே வருகிறது என்றால், வீட்டை நீங்களே வாங்கப்போவதாகப் பாட்டியம்மா நம்பியிருந்தால்தான். கீழே வரும் சட்டங்களில் பல அந்த ஒரு இடத்தையே சுற்றிவருகின்றன.

படி 1: எதை விற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீடு உங்களுடையது அல்ல. உங்கள் கையில் இருப்பது வாங்கும் உரிமை மட்டும்தான். "மூன்று பெட்ரூம் வீடு விற்பனைக்கு" என்று படத்தோடு விளம்பரம் போட்டால், அடுத்தவர் சொத்தை விற்றுத்தரும் புரோக்கர் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்ததாகிவிடும். தென் கரோலினா 2024-ல் கொண்டுவந்த சட்டம் இந்தக் கோட்டைத்தான் அழுத்தமாகப் போடுகிறது. விளம்பரத்தில் "வாங்கும் ஒப்பந்த உரிமை கைமாற்றப்படும்" என்றே எழுதுங்கள். அப்படி எழுதினாலும் சில மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் நடக்காது. அதைத்தான் அடுத்து பார்க்கப்போகிறோம்.

படி 2: லைசென்ஸ் வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இலினாயில் 2019-லிருந்து, 12 மாதத்துக்குள் இரண்டு முறை செய்தாலே அது தொழிலாகக் கருதப்படும், லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். ஓக்லஹோமாவில் 2021 நவம்பரிலிருந்து, ஒப்பந்த உரிமையைப் பொதுவில் விளம்பரப்படுத்தவே லைசென்ஸ் தேவை. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஹோல்சேலர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். அந்த மாநிலத்தில் உள்ள பிலடெல்பியா நகரம் அதற்கு முன்பே ஹோல்சேலர்களுக்கென்று தனி லைசென்ஸ் வைத்துவிட்டது. ஆகவே மாநிலத்தோடு நிற்காமல் நகரத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், எழுத்தில்

அக்ரிமென்ட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். பல இடங்களில் கைமாற்ற அது போதும்தான். ஆனால் எழுபது வயதுக்காரர் அந்த வரியிலிருந்து என்னத்தைப் புரிந்துகொள்வார்? நானாக இருந்தால் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், இந்த விஷயங்களைச் சேர்ப்பேன்:

"நான் இந்த வீட்டை நானே வைத்துக்கொள்வதற்காக வாங்கவில்லை. இந்த ஒப்பந்தத்தை வேறொருவருக்கு லாபத்தில் கைமாற்றுவேன். நான் தரும் விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கலாம். நான் உங்களுடைய ஏஜென்ட் அல்ல. கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டலாம், வீட்டை மதிப்பீடு செய்துகொள்ளலாம்."

இதை வாசித்துக் காட்டினால் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த வீடு உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். மறைத்து முடித்தால் ஏமாற்று வணிகத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களின் கீழ் வழக்கு வரலாம். மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுத வீட்டுக்காரருக்கு வக்கீல்கூடத் தேவையில்லை.

படி 4: ரத்து செய்யும் உரிமை

எந்த ஒப்பந்தத்தையும் மூன்று நாளில் ரத்து செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்காக எஃப்.டி.சி. (மத்திய அரசின் வணிக ஆணையம்) போட்ட விதி அது. வீடு, நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் மாநிலங்கள் தனியாகக் கொடுத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஹோல்சேல் ஒப்பந்தத்தை 30 நாள் வரை வீட்டுக்காரர் அபராதமின்றி ரத்து செய்யலாம். அதற்குள் கிரயம் முடிந்துவிட்டால் அந்த உரிமையும் முடிந்தது. கலிபோர்னியாவில், கடன் கட்டாமல் ஏலத்துக்கு வரவிருக்கும் வீடு என்றால் பொதுவாக ஐந்து வேலை நாட்கள். அந்த வகை வீடுகளில் புதியவர்கள் கையே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அவர் ரத்து செய்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஆபீஸில் ஒப்பந்தக் குறிப்பைப் பதிந்து வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாமல் மடக்கும் வேலை உங்களை நேராகக் கோர்ட்டில் கொண்டுபோய் விடும்.

படி 5: போன்

ஆள்பிடிக்க எல்லோரும் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். தொந்தரவு அழைப்புகளைக் கட்டுப்படுத்த 1991-ல் வந்த டி.சி.பி.ஏ. சட்டப்படி, சம்மதம் வாங்காமல் பதிவு செய்த குரலில் ஒரு செல்போனுக்குக் கூப்பிட்டால் அழைப்புக்கு 500 டாலர் இழப்பீடு, தெரிந்தே செய்தால் 1,500 டாலர் வரை. ஏ.ஐ. குரலும் அதில் சேரும் என்று எஃப்.சி.சி. (மத்திய தொலைத்தொடர்பு ஆணையம்) 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நூறு பேருக்கு அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். "நாங்கள் விற்கவில்லையே, வாங்கத்தானே கூப்பிடுகிறோம்" என்ற வாதத்தை நம்பி, விற்பனை அழைப்பு வேண்டாம் என்று அரசுப் பட்டியலில் பதிந்து வைத்த எண்களைத் தொடாதீர்கள்.

படி 6: கிரய நாள்

1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் ஈயம் கலந்த (உடம்புக்குக் கேடான) பெயின்ட் பற்றிய அறிவிப்பு வாங்குபவருக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் 15,000 டாலர். கணக்குத் தாளில் அது பெரும்பாலும் தனி வரியாகவே வரும், பாட்டியம்மாவும் பார்க்கக்கூடும். அதனால் முந்தின நாளே போன் செய்து, எவ்வளவு தொகை, யாரிடமிருந்து வருகிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.