பொதுப் போக்குவரத்துத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நிறுத்தத்தின் எண்ணை மாற்றாதீர்கள்

பேருந்து, ரயில் சேவைகளின் தரவுப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில காலமாகப் பயிற்சி அளித்து வருகிறேன். நிரல் எழுதுவதில் அவர்களுக்கு என்னைவிடத் தேர்ச்சி அதிகம். ஆயினும், நான் இந்தத் துறைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் செய்த தவறுகளை அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது, இவற்றை யாரேனும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதுவது, கோப்பை யூனிகோடில் சேமிக்க மறப்பது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். போக்குவரத்துத் தரவு வடிவங்களைப் பேணும் மொபிலிட்டிடேட்டா அமைப்பு இலவசமாக வழங்கும் சரிபார்ப்புக் கருவியில் கோப்பைக் கொடுத்தால் அத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை அதுவே காட்டிவிடும். அந்தக் கருவி "பிழை ஏதுமில்லை" என்று சொன்ன பிறகும் எஞ்சியிருக்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

இன்று உலகெங்கும் கால அட்டவணைகளை வெளியிடப் பரவலாகப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவம், 2005-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து செய்த பணியிலிருந்து பிறந்தது. அது ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் நிறுத்தங்கள், வழித்தடங்கள், நடைகள் (ஒரு வண்டி முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை ஒருமுறை ஓடுவது ஒரு நடை), ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தொடும் நேரம் ஆகியவை தனித்தனி உரைக் கோப்புகளாக இருக்கும். எக்செல் தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். இந்த எளிமையால்தான் அது பரவியது. இந்த எளிமையே, கோப்பைத் திறந்து படிக்க முடிவதால் அதை முழுவதும் புரிந்துகொண்டுவிட்டோம் என்ற எண்ணத்தையும் புதியவர்களுக்குத் தருகிறது.

ஒவ்வொரு வெளியீட்டிலும் அடையாள எண்களைப் புதிதாக உருவாக்குதல்

இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். நான் செய்தவற்றுள் மிகுந்த இழப்பை உண்டாக்கிய தவறு இதுதான். மற்றவர்கள் செய்யும்போது இன்றும் எனக்குப் பொறுக்க முடியாததும் இதுதான்.

என் முதல் வேலையில், நிறுத்தங்களின் பெயர்களை அகர வரிசைப்படுத்தி, முதல் வரிக்கு 1, இரண்டாம் வரிக்கு 2 என்று அடையாள எண் கொடுத்தேன். எண்கள் ஒன்றையொன்று மோதவில்லை; எல்லாக் கோப்புகளிலும் ஒரே எண் ஒரே நிறுத்தத்தைக் குறித்தது; எனவே எல்லாம் சரி என்றிருந்தேன். சில மாதங்கள் கழித்துப் புதிய நிறுத்தம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். அதன் பெயர் அகர வரிசையில் நடுவில் வந்தது. பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தி மறுபடி எண் கொடுத்தபோது, அந்த வரிக்குக் கீழே இருந்த ஒவ்வொரு நிறுத்தத்தின் எண்ணும் ஒன்று கூடியது. புதிய கோப்பைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை. சரிபார்ப்புக் கருவி ஒரே ஒரு கோப்பை மட்டுமே பார்ப்பதால் அதற்கும் குற்றம் தெரியவில்லை. நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் இடையில்தான் குற்றம் இருந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நிறுத்தங்களில் இருந்த மின்னணுப் பலகைகள் வேறு நிறுத்தங்களுக்கு வர வேண்டிய பேருந்துகளைக் காட்டத் தொடங்கின. ஒவ்வொரு பலகையிலும் அந்த நிறுத்தத்தின் எண் ஒருமுறை பதியப்பட்டிருந்தது. பலகை அந்த எண்ணை மட்டுமே அறியும். அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்கள் ஊரில் அடுத்தடுத்து நிற்பதில்லை என்பதால், ஒரு கோடியில் இருந்த பலகை மறுகோடியின் பேருந்துகளை அறிவித்துக்கொண்டிருந்தது. புகார் வந்த நிறுத்தம் ஒன்றுக்கு நேரில் போனேன். அங்கே ஒரு மூதாட்டி, தமக்கான பேருந்து கண் முன்னே வந்து நின்று கிளம்பியதைப் பார்த்துவிட்டும், பலகையில் அதன் எண் வராததால் அது வேறு எங்கோ போகிறது என்று நினைத்து ஏறாமல் இருந்துவிட்டதாகச் சொன்னார். பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்ததைவிட நாங்கள் மாட்டிய பலகையை அவர் அதிகம் நம்பியிருந்தார்.

பலகைகளை அன்று மாலைக்குள் சரிசெய்துவிட்டோம். சரிசெய்ய முடியாத இழப்பு பிறகுதான் தெரியவந்தது. வண்டிகள் நிறுத்தங்களைத் தொட்ட நேரங்களை ஏழு மாதங்களாகச் சேமித்து வந்தோம். அந்தப் பதிவுகளில் நிறுத்தத்தின் பெயர் இல்லை, எண் மட்டுமே இருந்தது; பழைய எண் பட்டியலையோ நான் புதியதால் அழித்து எழுதியிருந்தேன். வண்டி இருந்த இடத்தை வைத்துப் பெரும்பாலான பதிவுகளை மீட்டோம் என்றாலும், சாலையின் இருபுறமும் ஒரே பெயரில் எதிரெதிரே இருந்த நிறுத்தங்களைப் பிரித்தறிய ஜிபிஎஸ் துல்லியம் போதவில்லை. எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் ஓட்ட நேரம் போதவில்லை என்பதைக் கண்டறிய அட்டவணைப் பிரிவினர் அந்தப் பதிவுகளுக்காகக் காத்திருந்தார்கள். அவை கிடைக்காததால் அட்டவணைத் திருத்தம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை ஓட்டுநர்களும் நடத்துநர்களும் போதாத நேரத்துக்குள் நடைகளை முடிக்க ஓடி, கடைசி நிறுத்தத்தில் கிடைக்க வேண்டிய சில நிமிட ஓய்வையும் இழந்தார்கள். நான் ஒரு பட்டியலை அகர வரிசைப்படுத்தியதற்கு அவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

நடைகளின் எண்களில் இதே தவறு நேர்ந்தால் விளைவு உடனே தெரியும். ஓடும் வண்டிகளின் அப்போதைய நிலையைச் சொல்ல 2011-இல் அறிமுகமான ஜிடிஎஃப்எஸ் நேரலை வடிவத்தில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எந்த நடையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அட்டவணைக் கோப்பிலுள்ள நடை எண்ணைக் கொண்டே சொல்லப்படுகிறது. வண்டியில் உள்ள கருவியோ பணிமனையில் முந்தைய இரவு ஏற்றிய எண்களைச் சுமந்துகொண்டு போகிறது. நண்பகலில் புதிய எண்களோடு அட்டவணையை வெளியிட்டுவிட்டால், சாலையில் இருக்கும் எந்த வண்டிக்கும் அட்டவணையில் இடம் இருக்காது. பயணியின் கைபேசியில் எல்லா வண்டிகளும் ஒரே நொடியில் மறையும். ஆகவே அட்டவணை மாற்றத்தையும் வண்டிக் கருவிகளில் தரவு ஏற்றுவதையும் ஒரே வேலையாகத் திட்டமிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்றால், வண்டியிலிருந்து வரும் பழைய எண்ணைப் புதியதாக மாற்றித் தரும் ஒரு படியை நடுவில் வைக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில், "அட்டவணை மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதிய எண்களைத்தான் தருகிறது, நாங்கள் என்ன செய்வது?" என்பதாகும். இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. மென்பொருள் தரும் எண்ணை அப்படியே வெளியிட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. நிறுத்தங்களுக்கும் வழித்தடங்களுக்கும் உரிய எண்கள் வெளியீடுகள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே ஜிடிஎஃப்எஸ் நல்வழக்கங்கள் என்னும் வழிகாட்டுதல்கள் தரும் பரிந்துரை. உங்கள் பொறுப்பில் தனியாக ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் எண் எதுவாக இருந்தாலும், வெளியே போகும் எண் அந்தப் பட்டியலிலிருந்து மட்டுமே போகட்டும். புதிய மென்பொருள் வாங்கும் நிலையில் இருந்தால், எண்கள் மாறக் கூடாது என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

அந்தப் பட்டியலைப் பேணும்போது நான் கடைப்பிடிப்பவை சில உண்டு. எண்ணுக்குள் பொருள் எதையும் பொதிந்து வைப்பதில்லை. வழித்தட எண்ணையோ மண்டல எண்ணையோ நிறுத்தத்தின் பெயரையோ அதில் சேர்த்தால், அவை மாறும் நாளில் எண்ணையும் மாற்றத் தோன்றும். கைவிடப்பட்ட நிறுத்தத்தின் எண்ணை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. பலகையில் அச்சிட்டுப் பயணிகளுக்குக் காட்டும் எண்ணும் உள் அடையாள எண்ணும் வேறு வேறு புலங்கள் (கோப்பின் தனித்தனிப் பத்திகள்) என்பதை மறப்பதில்லை. நிறுத்தம் சற்றே இடம் மாறினால் எண்ணை மாற்றுவதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பழைய இடத்துக்கு வந்து நிற்கும் பயணி அங்கிருந்தே புதிய இடத்தைக் கண்டு நடந்து போய்விடுவார் என்றால் பழைய எண் தொடரலாம், சந்திப்பைத் தாண்டி வேறு சாலைக்குப் போய்விட்டது என்றால் புதிய எண் வேண்டும். வெளியிடுவதற்கு முன்பு, மறைந்த எண்கள் எத்தனை, புதியவை எத்தனை, எண் மாறாமல் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்தவை எத்தனை என்று முந்தைய கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒருபோதும் விடுவதில்லை. பத்துப் பதினைந்து வரி நிரலில் அடங்கும் அந்தச் சோதனை என்னிடம் அன்று இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை வந்தே இருக்காது.

நள்ளிரவில் நாளை முடித்துவிடுதல்

சனிக்கிழமை இரவு 11.50-க்குக் கிளம்பும் பேருந்து கடைசி நிறுத்தத்தை ஞாயிறு அதிகாலை 1.35-க்குத் தொட்டாலும், அது சனிக்கிழமையின் நடைதான். ஆகவே ஜிடிஎஃப்எஸ்-இல் அந்த நேரத்தை 25:35:00 என்று எழுதுகிறோம். புதியவர்கள் இதைப் பிழை என்று கருதி, 24-ஐக் கழித்து 01:35:00 என்று மாற்றிவிடுகிறார்கள். அப்போது வண்டி கிளம்புவதற்கு முன்பே சேர்ந்துவிடுகிறது. அல்லது நடை இரண்டாக வெட்டுப்பட்டு, நள்ளிரவில் பாதி வழியில் காணாமற்போகிறது. இந்தப் பிழையால் தவிப்பவர் கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவர் என்பதால், அதைச் சிறிய பிழையாக என்னால் எண்ண முடிவதில்லை.

தரவுத்தளத்தில் இந்த நேரங்களைக் கடிகார நேரமாகச் சேமிக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களின் நேர வகை 24:00:00-ஐத் தாண்டாது. சேவை நாளின் (அந்த நடை எந்த நாளுடையதோ அந்த நாளின்) தொடக்கத்திலிருந்து எத்தனை நொடிகள் என்ற முழு எண்ணாகச் சேமித்தால் சிக்கல் இல்லை. அந்தத் தொடக்கம்கூட நள்ளிரவு என்று வரையறுக்கப்படவில்லை. நண்பகலிலிருந்து 12 மணி நேரம் பின்னோக்கிப் போன கணமே தொடக்கம். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில், அந்த மாற்றம் நிகழும் நாளில் இவ்விரண்டும் ஒரு மணி நேரம் வேறுபடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நள்ளிரவு 12.20-க்கு "அடுத்த பேருந்து எது?" என்று கேட்கும் பயணிக்கு விடை தர, இன்றைய சேவை நாளோடு நேற்றைய சேவை நாளையும் தேட வேண்டும்.

தகவல் இல்லாததை "சரியான நேரம்" என்று காட்டுதல்

நேரலைத் தரவில் தாமதம் 0 என்றால் வண்டி அட்டவணைப்படி ஓடுகிறது என்று பொருள். வண்டியைப் பற்றித் தகவலே வரவில்லை என்றால், அது எப்படி ஓடுகிறது என்பதோ, ஓடுகிறதா என்பதோகூட நமக்குத் தெரியாது என்று பொருள். நிரலில் ஒரு வெற்றிடத்தை 0 என்று நிரப்பிவிட்டால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். ஒருமுறை பணிமனை ஒன்றின் தொடர்புக் கருவி முழுக்கச் செயலிழந்திருந்த நாளில், அந்தப் பணிமனையின் வண்டிகளே மிகவும் நேரம் தவறாதவை என்று எங்கள் அறிக்கை சொல்லியது. அதை மேலதிகாரிகள் பாராட்டிய பிறகுதான் நாங்கள் உண்மையைக் கண்டுபிடித்தோம். தகவல் இல்லாத இடத்தில் அட்டவணை நேரத்தைக் காட்டலாம். ஆனால் அது அட்டவணை நேரம் மட்டுமே என்பது பயணிக்குத் தெரிய வேண்டும்.

பழைய தகவலும் இதே வகைதான். நேரலைத் தரவை 30 நொடிக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்க வேண்டும் என்பதும், வண்டியின் இருப்பிடம் 90 நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதும் நல்வழக்கங்கள் சொல்லும் அளவுகள். கோப்பை உருவாக்கிய நேரத்தை வண்டி இடம் அனுப்பிய நேரமாக எழுதிவிட்டால், பத்து நிமிடத்துக்கு முந்தைய இருப்பிடமும் புதியதுபோலவே தெரியும்.

ரத்தான நடையை நேரலைத் தரவிலிருந்து நீக்குதல்

நீக்கினால் அது அட்டவணைப்படி ஓடுவதாகவே பயணிக்குத் தெரியும். ரத்து என்று குறிப்பிட்டு அனுப்ப வேண்டும்.

பூஜ்ஜிய இருப்பிடத்தை அப்படியே ஏற்பது

ஜிபிஎஸ் கிடைக்காதபோது சில கருவிகள் 0, 0 என்று அனுப்பும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் உள்ள புள்ளி.

காலாவதித் தேதியை மறப்பது

அட்டவணைக் கோப்பு குறைந்தது அடுத்த 7 நாட்களுக்கும், இயன்றால் 30 நாட்களுக்கும் செல்லுபடியாக வேண்டும்.

பயணச்சீட்டு விற்பனையைப் பயணிகள் கூட்டமாகக் கொள்ளுதல்

மாதாந்திர அட்டை, இலவசப் பயணம் ஆகிய இரண்டும் அதில் வராமல் போகலாம்.

பயண அட்டைத் தரவில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வெளியிடுதல்

நிறுத்தத்தின் எண் நிலையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொன்ன நான், பயணியின் எண்ணைப் பற்றி நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மைகி என்னும் பயண அட்டையின் மூன்றாண்டுத் தரவு 2018-இல் ஒரு தரவுப் போட்டிக்காக வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1.5 கோடி அட்டைகளின் பதிவுகள் அதில் இருந்தன. அட்டை எண்களுக்குப் பதிலாக வேறு எண்கள் இடப்பட்டிருந்தன. ஆனால் ஓர் அட்டையின் எல்லாப் பயணங்களும் அதே மாற்று எண்ணின் கீழ் தொடர்ந்து நின்றன. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாங்கள் சென்று வந்த சில பயணங்களை நினைவுகூர்ந்து தங்கள் அட்டையைக் கண்டுபிடித்தார்கள். உடன் பயணம் செய்தவரின் அட்டையையும் கண்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சமூக ஊடகத்தில் இட்ட பதிவுகளை வைத்து அவருடைய பயணங்களையும் அடையாளம் கண்டார்கள். அந்த வெளியீடு தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்று மாநிலத் தகவல் ஆணையம் 2019-இல் முடிவு செய்தது.

எந்த நிறுத்தத்தில் எந்த நிமிடத்தில் ஏறினார் என்ற இரண்டு மூன்று பதிவுகளே ஒருவரைத் தனித்துக் காட்டப் போதுமானவை. எனவே வெளியாருக்குத் தரவேண்டிய நிலை வந்தால், தனி அட்டைகளின் பதிவுகளைத் தராமல், நிறுத்த வாரியாக, மணி வாரியாக எத்தனை பேர் ஏறினார்கள் என்ற தொகையை மட்டும் தருகிறேன். ஒரு நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் ஓரிருவர் மட்டுமே ஏறியிருந்தால் அந்த எண்ணிக்கையையும் மறைத்துவிடுகிறேன். ஓட்டுநர்களின் பணிப் பதிவுகளையும் இதே முறையில்தான் கையாளுகிறேன். எந்த நடையை யார் ஓட்டினார் என்ற புலம் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகும் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.