நீலத் தாழைக்கோழியை அடையாளம் காண்பது எப்படி?

தம்பலகாமத்து வாய்க்காலோரம் இரண்டு நாள் விடியலில் நின்று, பார்த்த பறவையை "நாமக்கோழி" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தவன் நான். அது நீலத் தாழைக்கோழி. அந்தப் பிழை உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. போகும் இடம்: திருகோணமலையிலிருந்து கந்தளாய் பஸ் பிடியுங்கள். கந்தளாய்க் குளமும், அதன் தண்ணீரில் விளையும் தம்பலகாமத்து வயல்களும் போதும். சம்பும் கோரையும் அடர்ந்த ஓரமாகப் பார்த்து நில்லுங்கள். புதருக்குள் இறங்க வேண்டாம்; முதலை எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

2. தொலைநோக்கி: 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் அகல முன்வில்லை. 10 மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். கைத்தொலைபேசிக் கமராவில் கிடைப்பது ஒரு கரும்புள்ளி மட்டுமே.

3. வெயில் முதுகில் விழ நில்லுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். சூரியனைப் பார்த்து நின்றால் எந்த நீர்க்கோழியும் கறுப்பாகத்தான் தெரியும். மூன்றாம் நாள், வரப்பில் மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நிறத்தை விடும், வாலைப் பாரும்" என்றார். மறுகரைக்குப் போனேன். அதே பறவை அங்கிருந்து பார்க்க வேறொன்றாக இருந்தது: சாம்பல் பூசிய தலை, ஊதா முதுகு, பச்சை கலந்த நீல மார்பு, அலகிலிருந்து நெற்றிவரை கேடயம்போல ஏறிய சிவப்புத் தகடு, தடித்த சிவப்பு அலகு. உருவம் நாட்டுக்கோழியளவு. ஒவ்வோர் அடிக்கும் வாலை வெடுக்கென்று தூக்க, கீழே பஞ்சுபோல வெள்ளை பளிச்சிட்டது.

4. பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். சம்புத் தண்டு ஒன்றை அலகால் இழுத்து முறிக்கும். பிறகு கிளி பழத்தைப் பிடிப்பதுபோல நீண்ட கால்விரல்களில் பற்றிக்கொண்டு, தோலை உரித்து உள்ளிருக்கும் வெண்குருத்தைத் தின்னும். நத்தையையும் பிற பறவைகளின் முட்டையையும் விட்டுவைக்காது. இளம் நெற்பயிரிலும் கைவைப்பதால் வயற்காரருக்கு இதன்மேல் அன்பு குறைவு. கலைத்தால் சிவந்த கால்கள் தொங்கத் தொங்க, பாரம் சுமப்பதுபோல் சற்றுத் தூரம் பறந்து மறுபடி புதருக்குள் விழும்.

பின்சேர்க்கை: "வாலில் வெள்ளை இருந்தது, ஆனால் பறவை நீலமில்லை" என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தனர். குற்றம் என்னுடையது. சாதாரணத் தாழைக்கோழியும் வாலை ஆட்டும், அதன் வாலடியிலும் வெள்ளை உண்டு. ஆனால் அந்த வெள்ளையை நடுவில் ஒரு கறுப்புக் கோடு இரண்டாகப் பிரிக்கும். நீலத் தாழைக்கோழியில் அது ஒரே திட்டு. சாதாரணத் தாழைக்கோழிக்கு அலகு நுனி மஞ்சள், கால் மஞ்சட்பச்சை, விலாவில் வெள்ளைக் கோடு. நான் குழம்பிய நாமக்கோழிக்கோ அலகும் நெற்றியும் வெள்ளை.

தாமரை இலைமேல் நீண்ட வாலோடு நடந்த வெள்ளைச் சிறகுப் பறவை எது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது நீளவால் இலைக்கோழி. அதில் அடைகாப்பது ஆண்.