ஸ்க்ராட்ச்சில் உரையாடல் அமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கட்டளை பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்று மாட்டி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மொழியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பூனையை நடக்கவைத்து முடித்ததும் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் ஒன்றுக்குத்தான்: இரண்டு பாத்திரங்களைப் பேசவைக்க வேண்டும். நல்ல ஆசை. கணக்கு என்றாலே ஒதுங்குகிற பிள்ளைகூட கதை என்றதும் முன்னால் வந்து உட்காரும். அந்த உற்சாகம் எங்கே வடிகிறது என்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் நாங்கள் எல்லாரும் சிக்கிய அதே இடங்களில்தான் இன்று கற்பவர்களும் சிக்குகிறார்கள்.

தவறான ஸ்ப்ரைட்டில் (பாத்திரத்தில்) பிளாக்கை மாட்டுவது, எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடி பிளாக்கை வைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே அவை தெரிந்துவிடும். முதலில் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் காட்டிவிட்டு, வேலை பாதி முடிந்த பிறகு காலை வாருகிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். பிளாக்குகள் எல்லாம் 2019 ஜனவரியில் வெளியான ஸ்க்ராட்ச் 3-இல் உள்ளவை.

விநாடிகளை எண்ணி உரையாடலைக் கோப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

ஒரு கிளியும் ஆமையும் பேசுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கிளியின் ஸ்கிரிப்டில் (அதற்காக மாட்டிய பிளாக் வரிசையில்) "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று 2 விநாடி சொல்லும் சே பிளாக். அப்புறம் 3 விநாடி வெயிட். அதன் பிறகு "நானும் வரட்டுமா?" என்று 2 விநாடி. ஆமையின் ஸ்கிரிப்டில் முதலில் 2 விநாடி வெயிட், பிறகு "ஆற்றங்கரைக்கு" என்று 3 விநாடி, மறுபடி 2 விநாடி வெயிட். கிளி பேசும்போது ஆமை காத்திருக்கும், ஆமை பேசும்போது கிளி காத்திருக்கும். பச்சைக் கொடியை அழுத்தினால் அழகாக ஓடும். பெரும்பாலான ஆரம்பப் பாடங்களும் இப்படித்தான் தொடங்குகின்றன. நான்கு வரி உரையாடலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

வரிகள் கூடும்போதுதான் வினை. நான் சொல்லிக்கொடுத்த ஒரு மாணவி ஐந்து பாத்திரங்களை வைத்து ஒரு காட்டுக் கதை செய்திருந்தாள். வசனங்கள் அருமை. கடைசி நேரத்தில் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க நினைத்தாள். கிளி முதலில் ஆமையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதற்கு 1 விநாடி போதும். கிளியின் ஸ்கிரிப்டில் சேர்த்தும் விட்டாள். அந்த நொடியிலிருந்து மற்ற நான்கு பாத்திரங்களும் 1 விநாடி முந்திப் பேச ஆரம்பித்தன. கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது. நரி சிரித்த பிறகுதான் அதற்கான வேடிக்கை வசனமே வந்தது.

நான்கு ஸ்ப்ரைட்டிலும் ஏதோ ஒரு வெயிட்டில் 1 கூட்டினால் போதுமே என்று தோன்றும். எந்த வெயிட்டில்? நடுவில் நீண்ட நேரம் பேசாமல் இருக்கும் பாத்திரத்தில் "11 விநாடி வெயிட்" என்று ஒரே ஒரு பிளாக் இருக்கும். அந்த 11 எந்தெந்த வரிகளின் கூட்டுத்தொகை என்று எழுதியவருக்கே மறுநாள் நினைவிருக்காது. அவள் ஒரு தாளில் எல்லா எண்களையும் எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். கதை எழுத வந்த பெண் கணக்கப்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட மோசம், அதன் பிறகு அவள் வசனங்களைத் திருத்தவே பயந்தாள். ஒரு வரியை நீட்டினாலும் சுருக்கினாலும் அதே வேலை திரும்ப வருமே! நன்றாக இல்லாத வரி என்று தெரிந்தும் அப்படியே விட்டுவிட்டாள். இந்தத் தவறின் உண்மையான விலை அதுதான்.

கணக்கு சரியாக இருந்தாலும்கூட இந்த முறை கைவிடும். ஸ்க்ராட்ச் விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை எல்லா ஸ்கிரிப்டுகளையும் சுற்றி வருகிறது. வெயிட் முடிந்தாலும் அடுத்த சுற்று வரும்போதுதான் அடுத்த பிளாக் தொடங்கும். காத்திருக்கும் ஒவ்வொரு பிளாக்கிலும் இப்படி மிகச் சிறிய தாமதம் சேரும். ஒரு பாத்திரத்தில் 40 பிளாக்கும் இன்னொன்றில் 10 பிளாக்கும் இருந்தால், அந்தத் தாமதங்கள் இரண்டிலும் ஒரே அளவில் சேராது. நீண்ட கதையின் முடிவில் பேச்சுக்குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்ப்பவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஆஸ்க் பிளாக்கைப் போட்டால் இந்த முறை அங்கேயே முடிந்தது. ஒருவர் இரண்டு விநாடியில் தட்டச்சு செய்வார், இன்னொருவர் யோசித்துக்கொண்டே இருப்பார். கேட்ட பாத்திரம் பதிலுக்காக நிற்கும், மற்றவை தங்கள் விநாடிகளை எண்ணிக்கொண்டு தம்பாட்டுக்குப் போய்விடும்.

அப்படியானால் எப்படி?

நேரத்தை நம்பாதீர்கள், முறையை நம்புங்கள். யார் எத்தனை விநாடி பேசுகிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. "அவர் முடித்துவிட்டார், இனி உன் முறை" என்ற செய்தி மட்டும் போதும். அதற்குத்தான் எல்லா ஸ்ப்ரைட்டுக்கும் மெசேஜ் அனுப்பும் பிராட்காஸ்ட் பிளாக் இருக்கிறது.

முதலில் பலரும் செய்வது சங்கிலி முறை. கிளி பேசி முடித்ததும் ஒரு மெசேஜ் அனுப்பும், அதைக் கேட்டு ஆமை பேசும், முடித்ததும் இன்னொரு மெசேஜ். இது வேலை செய்யும். ஆனால் கதையின் வரிசை எல்லா ஸ்ப்ரைட்டிலும் சிதறிக் கிடக்கும். அடுத்து யார் பேசுகிறார் என்று பார்க்க ஸ்ப்ரைட் ஸ்ப்ரைட்டாகத் திறக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது வேறு. பாத்திரங்கள் நிற்கும் மேடைக்கும் தனி ஸ்கிரிப்ட் உண்டு, அதில் முழு வரிசையையும் ஒரே இடத்தில் வையுங்கள். பச்சைக் கொடிக்குக் கீழே "பிராட்காஸ்ட் அண்ட் வெயிட்" பிளாக்குகளை வரிசையாக அடுக்குங்கள்: கிளி கேட்கிறது, ஆமை பதில், கிளி கெஞ்சல் என்று. ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய மெசேஜ் வந்ததும் தன் வரியைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பிளாக், மெசேஜைப் பெற்ற ஸ்கிரிப்டுகள் எல்லாம் முடியும் வரை நின்று, பிறகே அடுத்ததற்குப் போகும். நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டுமா? மேடையில் ஒரு பிளாக், பேசும் ஸ்ப்ரைட்டில் ஒரு சிறு ஸ்கிரிப்ட். மற்ற எதையும் தொட வேண்டாம். அந்த மாணவியின் கதையை இப்படி மாற்றிய பிறகு அவள் முதலில் செய்தது, பிடிக்காமல் விட்டுவைத்திருந்த வரிகளைத் திருத்தியதுதான்.

உரையாடல் மிக நீளமாகப் போனால் இரண்டு லிஸ்ட் வையுங்கள்: ஒன்றில் பேசுபவர் பெயர், மற்றொன்றில் வசனம். மேடை ஒரு எண்ணை 0-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் "பேசு" என்ற ஒரே மெசேஜை அனுப்பிக் காத்திருக்கும். பெயர் லிஸ்டில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து அதற்குரிய ஸ்ப்ரைட் மட்டும் பேசும். லிஸ்டை ஓர் உரைக் கோப்பிலிருந்தும் ஏற்றலாம். வசனத்தை வெளியே நிதானமாக எழுதித் திருத்த அது பெரிய வசதி.

காத்திருக்கும் பிராட்காஸ்ட்டுக்கு முடிவில்லாத வேலை கொடுப்பது

மேலே சொன்ன முறைக்கு மாறியவர்கள் அடுத்துச் சிக்குவது இங்கே. பேசும்போது வாய் அசைய வேண்டும் என்று, அதே மெசேஜுக்கு திரும்பத் திரும்ப ஓடும் ஃபாரெவர் லூப்பில் காஸ்ட்யூம் (பாத்திரத்தின் தோற்றப் படம்) மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைப்பார்கள். ஃபாரெவர் முடியாது. அது முடியாததால் மேடையும் நகராது. முதல் வரியோடு கதை உறைந்துவிடும், எங்கேயும் பிழைச் செய்தி வராது. வாயசைவை இத்தனை முறை என்று எண்ணி முடியும் லூப்பாக வையுங்கள். அல்லது வசனம் முடிந்ததும் அந்த ஸ்ப்ரைட்டின் மற்ற ஸ்கிரிப்டுகளை நிறுத்தும் பிளாக்கைப் போடுங்கள். அது அந்த ஸ்ப்ரைட்டில் ஓடும் வேறு அசைவுகளையும் நிறுத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் மெசேஜை மறுபடி அனுப்புவது

ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே மெசேஜ் திரும்ப வந்தால், அது முதலிலிருந்து தொடங்கும். பாத்திரத்தைத் தொட்டால் உரையாடல் தொடங்கும்படி செய்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. பொறுமையில்லாதவர் இரண்டு முறை தட்டினால் வசனம் நடுவில் அறுந்து மறுபடி ஆரம்பிக்கும்.

"பேச்சு நடக்கிறது" என்று ஒரு வேரியபிள் (எண்ணை நினைவில் வைக்கும் இடம்; பேச்சு நடந்தால் 1, இல்லையென்றால் 0) வைத்துத் தடுக்கலாம். ஆனால் அந்தச் சோதனையையும் உரையாடலையும் ஒரே ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். இரண்டாவது தட்டலில் அந்த ஸ்கிரிப்டே முதலிலிருந்து தொடங்கும், வேரியபிள் 1 என்று பார்த்து ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடும். பாதியில் நின்ற உரையாடலைத் தொடர யாரும் இல்லை, வேரியபிளை 0 ஆக்கவும் யாரும் இல்லை. தொடும் ஸ்கிரிப்ட் சோதித்துவிட்டு மெசேஜ் மட்டும் அனுப்பட்டும். 1 ஆக்குவதும் 0 ஆக்குவதும் அந்த மெசேஜைப் பெறும் ஸ்கிரிப்டின் வேலை.

எல்லா வரிக்கும் 2 விநாடி

பிளாக்கில் 2 என்று ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எழுதியவருக்கு வசனம் மனப்பாடம், பார்க்க வருபவர் முதன்முறை படிக்கிறார். திரையைப் பார்த்து நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள், அதற்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

வசனத்தின் நீளத்தை அளந்து, அதை ஓர் எண்ணால் வகுத்து விநாடியைக் கணக்கிடும் முறையும் நல்லதுதான். ஆனால் தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீளம் சொல்லும் பிளாக் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். "தமிழ்" என்பதற்கு 3 என்று வராது, 5 என்று வரும். ஆங்கில வசனத்துக்குச் செய்த வகுத்தலை அப்படியே எடுத்தால் தமிழ் வரி தேவைக்கு மேல் நேரம் நிற்கும். பேச்சுக்குமிழுக்கும் எல்லை உண்டு. இதே எண்ணிக்கையில் 330-க்கு மேல் போனால் மிச்சம் காட்டப்படாது.

விநாடி இல்லாத சே பிளாக்கை அடுத்தடுத்து வைப்பது

கடைசி வரி மட்டுமே தெரியும்.

குளோன்கள்

மெசேஜ் ஸ்ப்ரைட்டின் எல்லாக் குளோனுக்கும் (நகலுக்கும்) போகும், எல்லாம் சேர்ந்து பேசும்.

மறைந்திருக்கும் பாத்திரத்தைப் பேசவைப்பது

குமிழும் சேர்ந்தே மறைந்திருக்கும். பாத்திரத்தைக் காட்டும் ஷோ பிளாக்கை முதலில் வையுங்கள்.

மெசேஜ்1, மெசேஜ்2

மெசேஜின் பெயரிலேயே வசனம் தெரியட்டும். எண் வைத்தால், நடுவில் வரி சேர்த்த அன்றே வரிசை குலைந்துவிடும்.

பதிவு செய்த குரலுக்கு விநாடி குறிப்பது

குரலைப் பதிவு செய்து சேர்ப்பவர்கள் ஒலியின் நீளத்தை அளந்து சே பிளாக்கில் எழுதுகிறார்கள். தேவையே இல்லை. விநாடி இல்லாத சே, அடுத்து ஒலி முடியும் வரை காத்திருக்கும் பிளே சவுண்ட் பிளாக், கடைசியில் காலியான ஒரு சே. ஒலி முடிந்ததும் குமிழ் தானாகப் போய்விடும், குரலை மறுபடி பதிவு செய்தாலும் எந்த எண்ணையும் மாற்ற வேண்டாம். எழுத்தைக் குரலாக்கும் ஸ்பீக் பிளாக்கும் பேசி முடிக்கும் வரை தானே காத்திருக்கும். அது இணையத்தின் வழியாக வேலை செய்வதால் ஒரே வரிக்கு ஒவ்வொரு முறையும் வேறு நேரம் ஆகலாம். அங்கே விநாடி எண்ணுவது சுத்தமாக உதவாது.

ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்ப்பது

கடைசிக் காட்சியில் ஒரு வரியைச் சரிபார்க்க முழுக் கதையையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. மேடையின் பிளாக் வரிசையைத் தேவையான இடத்தில் பிரித்து, கீழ்ப்பகுதியைச் சொடுக்கினால் அங்கிருந்தே ஓடும். அதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒரு மெசேஜ் அனுப்பி, யார் எங்கே நிற்க வேண்டும், எந்த காஸ்ட்யூம், யார் மறைந்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஸ்ப்ரைட்டே சரிசெய்துகொள்ளும்படி வையுங்கள். முந்தைய காட்சி விட்டுச்சென்ற நிலையை நம்பி எழுதினால், நடுவிலிருந்து ஓட்டும்போது ஆமை ஆற்றுக்குப் போகும் முன்னே கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்.